யூரிட்டர் ஹெர்னியா: வழி மாறிய சிறுநீர்க்குழாய்க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொடை இடுக்கில் வீக்கம் என்றால் சர்ஜனிடம் போவோம். சிறுநீரகத்தில் நீர் கோத்திருக்கிறது என்றால் யூராலஜிஸ்ட். புட்டத்திலிருந்து கால்வரை சுண்டி இழுத்தால் எலும்பு டாக்டர். வயதான ஒருவருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்து வந்துவிட்டால் வீட்டில் இரண்டு ஃபைல் உருவாகிவிடும், ஓ.பி. சீட்டும் இரண்டு, போகிற கிழமையும் இரண்டு. பெரும்பாலும் அதில் தவறில்லை. வயதானவருக்கு ஹெர்னியாவும் இருக்கும், புராஸ்டேட் தொல்லையும் இருக்கும், கல்லும் இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது.

அரிதாகச் சிலருக்கு மட்டும் இரண்டு ஃபைலிலும் இருப்பது ஒரே நோய். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய், அதாவது யூரிட்டர், இடுப்புக்கூட்டில் இருக்கும் ஏதோ ஓர் இடைவெளி வழியாக வெளியே சரிந்து, அங்கே மடங்கி நிற்கும். இதுதான் யூரிட்டர் ஹெர்னியா. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அலையும் பிள்ளைகளுக்கும், நர்சிங் படிக்கிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். மருத்துவரின் இடத்தை இது பிடிக்காது. அவரிடம் என்ன கேட்பது, எதை எதோடு சேர்த்துச் சொல்வது என்பதற்குத்தான் இது.

படி 1: குழாய் போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரியவர்களுக்கு யூரிட்டர் 25 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும், அகலம் 3, 4 மி.மீ.தான். பக்கத்துக்கு ஒன்று. சிறுநீர் இதன் வழியே தானாக வழிந்து இறங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குழாயின் சுவர் தசையால் ஆனது. நிமிடத்துக்குச் சில தடவை மேலிருந்து கீழாக ஓர் அலை ஓடி, சிறுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். படுத்திருந்தாலும் சிறுநீர் இறங்குவது இதனால்தான். டாப்ளர் வசதியுள்ள அல்ட்ராசவுண்டில் சிறுநீர்ப்பையைப் பார்த்தால், இரண்டு பக்கமும் மாறிமாறிச் சிறுநீர் பீய்ச்சியடிப்பதை நிறப் பொறியாகக் காணலாம். ஒரு பக்கம் மட்டும் பீய்ச்சல் வராமலே இருந்தால் அந்தப் பக்கக் குழாயில் அடைப்பு இருக்கலாம்.

இனி பாதை. குழாய் வயிற்று உறுப்புகளுக்கு நடுவே போவதில்லை. குடலைச் சுற்றியிருக்கும் வயிற்று உள்ளுறைக்கு (டாக்டர்கள் பெரிட்டோனியம் என்பார்கள்) பின்னால், முதுகுப்பக்கத் தசைமேல் ஒட்டினாற்போல் இறங்கும். இடுப்புக்கூட்டின் விளிம்பில், காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும். பிறகு இடுப்புக்கூட்டின் பக்கச் சுவரை ஒட்டிக் கீழும் பின்னுமாகப் போய், இஸ்கியல் ஸ்பைன் என்ற எலும்பு முனைக்கு அருகே திரும்பி, முன்பக்கம் உள்நோக்கி வளைந்து சிறுநீர்ப்பையில் சேரும். பெண்களுக்கு இந்தக் கடைசித் தூரத்தில் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்க்கு அடியில் நுழைந்து போகும். கர்ப்பப்பை நீக்கும்போது யூரிட்டர் காயம்படும் ஆபத்து இங்கேதான்.

இந்தப் பாதையில் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்தால் மீதி எல்லாம் புரியும். முதலாவது, குழாய் வயிற்று உள்ளுறையோடு தளர்வாக ஒட்டியிருக்கிறது; அந்த உறை சரிந்தால் குழாயும் கூடவே சரியும். இரண்டாவது, அது திரும்பும் இஸ்கியல் ஸ்பைனுக்குப் பக்கத்திலேயே இடுப்புக்கூட்டின் பெரிய வாசல் ஒன்று திறந்திருக்கிறது.

படி 2: எந்த வாசல் வழியாக வெளியேறியது என்று பாருங்கள்

அதிகம் பார்க்கப்படுவது தொடை இடுக்கு வாசல். ஆண்களுக்கு விந்துக்குழாயும் அதோடு வரும் ரத்தக்குழாய்களும் விதைப்பைக்குள் இறங்கும் அதே வழி. சாதாரண ஹெர்னியாவில் குடலோ கொழுப்போ இறங்குவது இந்த வழியில்தான். யூரிட்டர் இறங்குவதில் இரண்டு வகை உண்டு. ஐந்தில் நான்கு பங்கு, ஹெர்னியாப் பையோடு சேர்ந்து வருகிறது. வயிற்று உள்ளுறை பையாகச் சரியும்போது அதன் பின்சுவரில் ஒட்டியிருக்கும் குழாயும் இழுபட்டு இறங்குகிறது. மீதி ஒரு பங்கில் பையே இருக்காது. கொழுப்பும் குழாயும் மட்டும் இறங்கியிருக்கும். இரண்டாவது வகைக்கு வேர் கருவிலேயே இருக்கிறது என்பது பரவலான கருத்து. கருவில் யூரிட்டர் முளைப்பதே, பின்னால் விந்துக்குழாயாக மாறப்போகும் உல்ஃபியன் நாளத்திலிருந்துதான். அதிலிருந்து சரியாகப் பிரியாமல் போனால், விதை கீழே இறங்கும்போது யூரிட்டரையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும்.

சர்ஜனுக்குத் தொல்லை தருவது இந்தப் பையில்லாத வகை. பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. கண்ணில் படுவது வெறும் கொழுப்புக் கட்டிதான். அதை வெட்டியெடுத்தால் வெட்டுப்படுவது யூரிட்டர். 1880இல் லெரூ என்பவர் தொடை இடுக்கு யூரிட்டர் ஹெர்னியாவை முதன்முதலாக விவரித்ததாக மருத்துவ வரலாறு குறிக்கிறது. அன்று ஸ்கேனும் இல்லை, எக்ஸ்-ரேயும் இல்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான்.

இரண்டாவது வாசல் இதைவிட அரிது: புட்டத்துக்குள் திறக்கும் பெரிய சயாட்டிக் துவாரம். இடுப்புக்கூட்டிலிருந்து காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு இதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. துவாரத்தின் பெரும்பகுதியை பைரிஃபார்மிஸ் என்ற தசை அடைத்துக்கொண்டிருக்கும். முதுமையிலோ, இடுப்பு மூட்டு நோயிலோ, நரம்பு பாதித்தோ அந்தத் தசை மெலிந்தால் அதற்கு மேலும் கீழும் இடைவெளி விழும். பக்கத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கும் யூரிட்டர் அதற்குள் நழுவும். பெண்களுக்கு இடுப்புக்கூடு அகலம், துவாரமும் பெரிது. அதனால் இந்த வகையில் நோயாளிகள் பெரும்பாலும் வயதான பெண்கள். முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே வெளியே வீக்கம் தெரியாது. புட்டத்தின் பெரிய தசை எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். ஹெர்னியா என்றாலே கையில் தட்டுப்படும் கட்டி என்று பழகிய நமக்கும் டாக்டருக்கும் இது கண்ணாமூச்சி காட்டும்.

தொடையின் மேற்பக்கத்தில் திறக்கும் ஃபெமரல் வாசல், உள்தொடையில் திறக்கும் ஆப்டுரேட்டர் வாசல் ஆகியவற்றில் யூரிட்டர் மாட்டுவது அரிதினும் அரிது. ஆப்டுரேட்டர் ஹெர்னியாவில் பெரும்பாலும் குடல்தான் சிக்கும், அதுவும் மெலிந்த மூதாட்டிகளுக்கு.

இன்னொரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்: மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள். புதிய சிறுநீரகத்தை வைப்பது அடிவயிற்றின் பக்கவாட்டில், தொடை இடுக்குக்கு மிக அருகில். அதன் யூரிட்டர் கொஞ்சம் நீளமாக விடப்பட்டிருந்தாலோ, விந்துக்குழாய்க் கொத்தின் மேலே தாண்டிப் போயிருந்தாலோ, பல வருடம் கழித்துக்கூட ஹெர்னியாவுக்குள் இழுபடலாம். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போது எல்லோரும் முதலில் பயப்படுவது, உடல் புதிய உறுப்பை ஏற்காமல் தள்ளுகிறதோ என்றுதான். அதே பக்கம் தொடை இடுக்கில் வீக்கமும் இருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 3: அறிகுறிகளைச் சேர்த்துப் படியுங்கள்

ஒவ்வொரு அறிகுறியையும் தனியாக எடுத்தால் ஊரில் பாதிப்பேருக்கு இருப்பதுதான். விலாவுக்குக் கீழே பின்பக்கம் மந்தமான வலி. அடிக்கடி சிறுநீர்த்தொற்று. புட்டத்தில் ஆரம்பித்துக் காலில் இறங்கும் இழுப்பு. தொடை இடுக்கில், நின்றால் வந்து படுத்தால் போகும் வீக்கம். தனித்தனியாக இவற்றுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். சந்தேகம் வர வேண்டியது சேர்க்கையில்: ஒரே பக்கத்தில் சிறுநீரக வீக்கமும், அதே பக்கத்தில் தொடை இடுக்கு ஹெர்னியாவும், அல்லது ஒரே பக்கத்தில் சிறுநீரக வீக்கமும் சயாட்டிகா வலியும் (புட்டத்திலிருந்து காலில் இறங்கும் அந்த இழுப்பு), கல் எதுவும் கிடைக்காமல்.

"அதே பக்கம்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நோயாளிகள் டாக்டரிடம் சொல்லும்போது பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். "இடுப்பு வலிக்குது டாக்டர், ஹெர்னியா வேற இருக்கு" என்பார்கள். இரண்டும் வலப்பக்கமா, ஒன்று இடமா என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

வலியே இல்லாமலும் இருக்கலாம், அதுதான் சங்கடம். அடைப்பு மெதுவாக வந்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கும். செயல்பாடு சிறுகச் சிறுகக் குறையும். மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின்கூட ஏறாது. "கிரியேட்டினின் நார்மல்தானே" என்று நிம்மதி அடைவதில் இந்த ஓட்டை இருக்கிறது.

சிலர் இன்னொன்று சொல்வார்கள்: சிறுநீர் கழித்து முடித்த பிறகு, தொடை இடுக்கு வீக்கத்தைக் கையால் அழுத்தினால் மறுபடி கொஞ்சம் வருகிறது என்று. சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் மறைத்தவர்களும் உண்டு. இது பெரும்பாலும் சிறுநீர்ப்பையின் ஒரு பகுதி ஹெர்னியாவுக்குள் இறங்கியிருப்பதன் அடையாளம். சிறுநீர்ப்பை இறங்கினால் யூரிட்டரும் கூடவே இழுபட வாய்ப்புண்டு. ஆகவே கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

படி 4: சரியான பரிசோதனையைச் சரியான முறையில் எடுங்கள்

முதல் படி சாதாரண அல்ட்ராசவுண்டுதான். சிறுநீரகம் வீங்கியிருப்பதைச் சுலபமாகக் காட்டிவிடும். ஆனால் குழாயின் நடுப்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் குடல் வாயு மறைக்கும். புட்டத்துக்குள் நழுவிய குழாய் அதில் பெரும்பாலும் தெரியாது. தொடை இடுக்கில் வீக்கம் இருந்தால் அந்த இடத்தையும் நின்ற நிலையில், இருமச் சொல்லிப் பார்க்கக் கேளுங்கள். விதைப்பைவரை இறங்கிய யூரிட்டர் அங்கே நீர் நிறைந்த குழாயாகத் தென்படலாம்.

விஷயத்தை முடிவுசெய்வது சி.டி. யூரோகிராம். கையில் ஊசி வழியாக அயோடின் சாயம் செலுத்துவார்கள். சாயத்துக்கு முன்னால் ஒரு தடவை, சிறுநீரகத்தில் ஏறும்போது ஒரு தடவை, பிறகு பத்து நிமிடம்போலப் பொறுத்துக் குழாய்க்குள் இறங்கியபின் ஒரு தடவை என்று படம் எடுப்பார்கள். கடைசிப் படத்தில்தான் யூரிட்டர் வெள்ளைக் கோடாகத் தெரியும். செலவைக் குறைக்க "ப்ளெயின் சி.டி. போதும்" என்று சிலர் எழுதித் தருவார்கள். கல் தேட அது போதும். குழாய் போகும் வழியைத் தேடுகிறவர்களுக்கு அந்தத் தாமதமான படம் வேண்டும். வீக்கம் அதிகமாக இருந்தால் சாயம் இறங்கவே நேரம் பிடிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் முனகாமல் உட்காருங்கள்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை சில. கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். முன்பு சாயத்துக்கு அலர்ஜி வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் அதைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும்; டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள். சிறுநீரகம் சாயத்தைத் தாங்காது என்றால் எம்.ஆர். யூரோகிராம் இருக்கிறது. அல்லது சிறுநீர்ப்பை வழியே கீழிருந்து மேலாகச் சாயம் ஏற்றி எக்ஸ்-ரே எடுப்பார்கள்.

ஒரு தந்திரம்: சி.டி. மேசையில் படுத்ததும் பலருக்கு ஹெர்னியா தானாக உள்ளே போய்விடும். போய்விட்டால் படத்தில் குழாயும் நல்ல பிள்ளையாக உள்ளே இருக்கும். அதனால் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே, "நின்னா இந்தப் பக்கம் வீங்குதுங்க" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லியும், தேவைப்பட்டால் குப்புறப் படுக்க வைத்தும் படம் எடுக்க முடியும். விண்ணப்பத் தாளில் டாக்டர் எழுதாததை ஸ்கேன் சென்டர் தானாக ஊகிக்காது.

அடைப்பு எவ்வளவு, அந்தச் சிறுநீரகத்தில் எவ்வளவு வேலை மிச்சம் என்று அறிய டி.டி.பி.ஏ. அல்லது இ.சி. ஸ்கேன் எடுப்பார்கள். இரண்டு சிறுநீரகங்களும் பங்கு பிரித்துச் செய்யும் வேலையைச் சதவீதமாகச் சொல்லும் பரிசோதனை இது.

படி 5: ரிப்போர்ட்டைக் கடைசி வரியோடு நிறுத்தாமல் படியுங்கள்

நம்மில் பலர் ரிப்போர்ட்டில் "இம்ப்ரெஷன்" என்ற கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கிறோம்; அவசரத்தில் டாக்டர்களும் சிலர் அப்படித்தான். அரிய விஷயங்கள் அதற்கு மேலே, ரிப்போர்ட்டின் நடுப்பகுதியில் ஒளிந்திருக்கும். "ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ்" என்றால் சிறுநீரகமும் குழாயும் சேர்ந்து வீங்கியிருக்கின்றன. "ஹைட்ரோநெஃப்ரோசிஸ்" மட்டும் என்றால் சிறுநீரகம் மட்டும். முதலாவது இருந்தால் அடுத்த கேள்வி: குழாய் எந்த இடம்வரை வீங்கியிருக்கிறது? அது எங்கே குறுகுகிறதோ அங்கேதான் பிரச்சினை. அந்த இடம் தொடை இடுக்காகவோ சயாட்டிக் துவாரமாகவோ இருந்தால் நமக்கு விடை கிடைத்துவிட்டது. "டார்ச்சுவஸ்" என்றால் நெளிந்திருக்கிறது; "டிஸ்டல்" என்றால் சிறுநீர்ப்பைப் பக்கம்.

சயாட்டிக் வகைக்கு ஓர் அடையாளம் உண்டு. குழாய் இஸ்கியல் ஸ்பைனின் உட்புறம் நேராக இறங்க வேண்டியது, வெளிப்பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும். படத்தில் அது புள்ளிக்கோலத்தில் புள்ளியைச் சுற்றிப் போடும் சுழி மாதிரி இருக்கும். இந்தத் தோற்றத்துக்கு "கர்லிக்யூ யூரிட்டர்" என்று பெயர். சயாட்டிக் துவாரத்தில் யூரிட்டர் மாட்டி அடைத்துக்கொண்டதை 1947இல் லிண்ட்பாம் ஒரு கதிரியக்க இதழில் எழுதினார். கர்லிக்யூ என்ற பெயரை 1952இல் பெக்கும் அவரோடு சேர்ந்த மருத்துவர்களும் பழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது சி.டி. அல்ல, ரத்தக்குழாய் வழியே சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரே. அந்த முறையே 1929இல் மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் பெர்லினில் செய்த வேலையால்தான் சாத்தியமானது. தட்டையான ஒரு படத்தில் ஒரு சுழியை மட்டும் பார்த்து, குழாய் பின்னால் புட்டத்துக்குள் போயிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்று அதையே கம்ப்யூட்டரில் குறுக்குவெட்டாகச் சுற்றிப் பார்க்க முடிகிறது. ஆனால் தேட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே.

படி 6: அவசரமா, காத்திருக்கலாமா?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அதோடு அந்தப் பக்க விலாவில் வலி, குறைந்துபோன சிறுநீர். இது வந்தால் எந்த வழிகாட்டியையும் படிக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடைப்பை விடுவிக்காமல் ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டால் போதாது. யூரிட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பார்கள் (படி 7இல் பார்க்கலாம்), அல்லது முதுகுப்பக்கமிருந்து ஊசிவழியே சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய் போட்டுச் சீழையும் சிறுநீரையும் வெளியே வடிப்பார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்களும், மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களும் சிறுநீர் குறைந்தாலே காத்திருக்கக்கூடாது.

வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, வலியில்லை, வீக்கமில்லை, தொற்றில்லை என்றால், சயாட்டிக் வகையில் சில மாதங்களுக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவதும் ஏற்கத்தக்க வழிதான், வயதானவர்களுக்குக் குறிப்பாக. தொடை இடுக்கு வகை வேறு மாதிரி. இறங்கிய ஹெர்னியா தானாகச் சரியாகாது. பொதுவாக அறுவை சிகிச்சைதான் பரிந்துரைப்பார்கள்.

படி 7: சிகிச்சை என்னென்ன

பெரும்பாலும் முதலில் டி.ஜே. ஸ்டென்ட். இரண்டு முனையும் வளைந்த மெல்லிய குழாய் இது. 1978இல் ஃபின்னி இதை அறிமுகப்படுத்தினார். மேல்முனை சிறுநீரகத்திலும் கீழ்முனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நின்று நழுவாமல் பிடித்துக்கொள்ளும். சிறுநீர்ப்பை வழியே கேமரா விட்டு, முதலில் ஒரு கம்பியை மேலே செலுத்தி, அதன்மேல் ஸ்டென்ட்டை ஏற்றுவார்கள். சயாட்டிக் வகையில் அந்தக் கம்பி உள்ளே போகும்போதே சுழி நிமிர்ந்து, வெளியே போன குழாய் உள்ளே திரும்பிவிடுவதும் உண்டு. அறுவை சிகிச்சை தாங்காத உடம்புக்கு அதுவே போதும் என்று விட்டுவிடுவார்கள். ஸ்டென்ட் எடுத்தபின் மறுபடி நழுவக்கூடும் என்பதுதான் இதன் குறை.

நிரந்தரத் தீர்வு என்றால் லேப்ராஸ்கோப்பியோ ரோபோ உதவியோ கொண்டு குழாயைத் துவாரத்திலிருந்து மெதுவாக இழுத்து உள்ளே கொண்டுவந்து, மறுபடி நழுவாதபடி பொருத்தி, இடைவெளியை வலையாலோ உள்ளுறையாலோ மூடுவார்கள். நாள்பட்டு மடங்கிய இடம் சுருங்கிப்போயிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, குழாயின் முனையைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்துவார்கள். சிறுநீரகம் ஏறக்குறைய வேலையே செய்யாமல் போயிருந்தால் அதை எடுத்துவிடுவதே மேல் என்ற முடிவும் வரலாம். இந்த வேலை தெரிந்தவர் யூராலஜிஸ்ட். தொடை இடுக்கு வகையில் அவரும் சர்ஜனும் சேர்ந்து செய்வது நல்லது.

படி 8: சாதாரண ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் இதைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்த நினைப்பது இந்தப் படியைத்தான். யூரிட்டர் ஹெர்னியா பல நேரம் ஆபரேஷன் மேசையில்தான் முதன்முதலாகத் தெரிய வருகிறது. ஹெர்னியா பெரிதாக விதைப்பைவரை இறங்கியிருந்தால், அதே பக்கம் சிறுநீரகம் வீங்கியிருந்தால், முன்பு சிறுநீரகம் மாற்றியிருந்தால், ஆபரேஷனுக்கு முன் ஒரு சி.டி. வேண்டுமா என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். எல்லோருக்கும் சி.டி. தேவையில்லை. இவர்களுக்குத் தேவை.

மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கேள்வியின் கனம் புரியும். சர்ஜன் தொடை இடுக்கைத் திறக்கிறார். கொழுப்பு விலகியதும் வெளிறிய குழாய் ஒன்று தெரிகிறது. விந்துக்குழாயாக இருக்குமோ? விந்துக்குழாயை விரலுக்கிடையில் உருட்டினால் கடினமான கயிறாக இருக்கும். இது மிருதுவாக இருக்கிறது. அனுபவப்பட்டவர் இங்கே கத்தியை வைத்துவிட்டு, இடுக்கியால் அதை லேசாகக் கிள்ளிவிட்டுப் பொறுமையாகப் பார்ப்பார். யூரிட்டராக இருந்தால் சில நொடியில் அது நெளிந்து நகரும். படி 1இல் சொன்ன தசை அலை அது. நாள்பட்டு வீங்கித் தளர்ந்த குழாய் இந்த நெளிவைச் சரியாகக் காட்டாமலும் போகலாம், அதனால் சந்தேகம் இருந்தால் யூராலஜிஸ்ட்டை மேசைக்கே அழைத்துவிடுவார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஸ்டென்ட் போட்டுக்கொண்டே போகலாம். விரலால் தடவினாலே குழாய் எது என்று தெரியும். தெரியாமல் வெட்டியோ கட்டியோ விட்டால் சிறுநீர் கசிவு, தொற்று, சில வேளை சிறுநீரகத்தையே இழப்பது என்று தொல்லை நீளும்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்டென்ட் உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வருவது போல் இருக்கும். நடந்தால் சிறுநீர் லேசாகச் சிவக்கும். கழிக்கும்போது விலாவில் ஒரு குத்து குத்தும். பயப்பட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்கலாம், தொல்லை மிஞ்சினால் டாம்சுலோசின் போன்ற மாத்திரை கேட்கலாம். கட்டிகட்டியாக ரத்தம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ போன் செய்யுங்கள். ஸ்டென்ட் எப்போது எடுக்க வேண்டும் என்ற தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் வைத்தது பொதுவாகச் சில வாரங்களில் எடுக்கப்படும். வலி போய்விட்டது என்று மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் உள்ளே கிடந்த ஸ்டென்ட்மேல் கல் படிந்து, அதை எடுப்பதே தனி ஆபரேஷனாகிவிடும்.

ஸ்டென்ட் எடுத்துச் சில வாரங்களில் ஓர் அல்ட்ராசவுண்ட் அவசியம். வலி போனது மட்டும் குணமானதற்கு அத்தாட்சி ஆகாது. சிறுநீரக வீக்கம் வடிந்திருக்க வேண்டும். நாள்பட்டு வீங்கிய சிறுநீரகம் முழுதாகப் பழைய அளவுக்கு வராமலும் போகலாம். வீக்கம் முன்னைவிடக் கூடவில்லை என்பதை அடுத்தடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், அதனால் பழைய ஃபிலிமையும் ஸ்கேன் டிஸ்க்கையும் தூக்கிப்போட வேண்டாம்.

தொடை இடுக்கில் வலை வைத்தவர்கள் ஆறு வாரமாவது தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை தூக்கக் கூடாது. இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் வைத்தியம் பாருங்கள். வயதான ஆண்களுக்கு இன்னொன்றும் உண்டு. புராஸ்டேட் பெருத்து, ஒவ்வொரு முறையும் முக்கித்தான் சிறுநீர் கழிக்கிறார் என்றால், அந்த அழுத்தம் முழுவதும் புதிதாகத் தைத்த இடத்தின்மேல் விழும். புராஸ்டேட்டுக்கு மாத்திரையா ஆபரேஷனா என்பதை ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்பே யூராலஜிஸ்ட்டிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.